வாசகர் கேட்டவை: வட்ஸ்அப்பில் வருவதெல்லாம் உண்மையா?

கேள்வி: எனது தரம் 9 மாணவர்கள் வட்ஸ்அப்பில் வரும் எதையும் ஆராயாமல் பகிர்கின்றனர். தனிப்பாடம் இல்லாத நிலையில் இதனை எவ்வாறு கற்பிக்கலாம்?
– ஆசிரியை ஒருவர், வெள்ளவத்தை

பதில்: தனிப்பாடத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, தமிழ்ப் பாடவேளையில் பத்து நிமிடங்களை ஒதுக்கினாலே போதும். பரீட்சை பிற்போடப்பட்டதாக வரும் அறிவித்தல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, அதில் திகதி உண்டா, கையொப்பமிட்டவர் யார், பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் அது உள்ளதா என்று மாணவர்களையே தேடச் செய்யுங்கள். ஒரு செய்தி ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கைகள் மாறி வந்திருந்தால் வட்ஸ்அப் அதற்கு இரட்டை அம்புக்குறி இடுகிறது. அது பொய் என்பதற்கான முத்திரையன்று, அனுப்பியவரே அதனை எழுதவில்லை என்பதற்கான அடையாளம் மட்டுமே. இந்த வேறுபாட்டைப் பெரியவர்களே அறிவதில்லை என்பது வேறு கதை.

சற்று வளர்ந்த மாணவர்களிடம் 2018 பெப்ரவரியில் அம்பாறையில் நடந்ததைச் சொல்லலாம். உணவகமொன்றின் உணவில் கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாகப் பரவிய வதந்தி வன்முறையில் முடிந்தது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் தெரிவித்தது.

சக மாணவரின் படத்தை அவரது அனுமதியின்றிப் பகிர்வதையும் இதே பாடத்தில் சேருங்கள். வகுப்பறைகளில் வதந்தியைவிட அதுவே அடிக்கடி நிகழ்கிறது.