மூன்றாம் மாடியும் இடுப்பு ஆணியும்: கேள்வி பதில்

வடசென்னையில் இருபத்தைந்து வருடமாக எலும்பு முறிவு பார்க்கிறேன். அடைமழை தொடங்கினால் என் வார்டில் பாட்டிகள் கூடிவிடுவார்கள். பாசி பிடித்த முற்றம், குடம் வழிந்த நடை, பல்பு எரியாத மாடிப்படி. விழ வேறென்ன வேண்டும்? வந்த கேள்விகளைச் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கொருக்குப்பேட்டை: அம்மாவுக்கு 78 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பு உடைந்துவிட்டது, உள்ளே ஆணி போட வேண்டும் என்கிறார்கள். போன வருடம் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் இடுப்புதான் உடைந்தது, அவருக்குப் பந்து மாற்றினார்கள். எங்களை ஏமாற்றுகிறார்களா டாக்டர்?

இல்லை அம்மா. இடுப்பு என்று நாம் சொல்வது உண்மையில் தொடை எலும்பின் மேல்முனை. உச்சியில் பந்து, அதற்குக் கீழே கழுத்து, அதற்கும் கீழே, பக்கவாட்டில் கை வைத்தால் தட்டுப்படும் முண்டு. கழுத்து உடைந்து விலகினால் பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்களும் சேர்ந்து அறுபடும். வயதானவருக்கு அதை ஒட்டவைக்கப் பார்ப்பது பெரும்பாலும் வீண் வேலை, பந்தையே மாற்றிவிடுவோம். முண்டுப் பகுதி அப்படியில்லை. அங்கே எலும்பு பஞ்சு போல இருக்கும், ரத்த ஓட்டம் தாராளம், அசையாமல் பிடித்து நிறுத்தினால் தானே சேரும். அப்படி நிறுத்தத்தான் ஆணி. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு உடைந்தது கழுத்தாக இருந்திருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து எந்த இடம் என்று கேளுங்கள், காட்டிவிடுவார்கள்.

அப்புறம், முண்டு உடைந்தால் ரத்தம் தொடைக்குள்ளேயே கசியும். வெளியே சொட்டு தெரியாது, ஹீமோகுளோபின் மட்டும் இறங்கும். ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னால் பதற வேண்டாம்.

வியாசர்பாடி: அப்பாவுக்கு 84. சர்க்கரை, பிரஷர் எல்லாம் உண்டு. "இந்த வயசுல எதுக்கு அறுக்கணும், படுக்கையில வெச்சுப் பாத்துக்கலாம், எலும்பு தானா சேர்ந்துடும்" என்கிறார் பெரியப்பா.

பெரியப்பா சொல்வது பாதி சரி. முண்டு உடைந்திருந்தால் எலும்பு சேரத்தான் செய்யும். ஆனால் அதற்கு இரண்டு மூன்று மாதம் படுக்கை வேண்டும், அதுவரை அப்பா தாங்க வேண்டுமே! மல்லாந்து கிடப்பவருக்குச் சில நாளிலேயே நெஞ்சில் சளி கட்டும், நிமோனியா வரும். முதுகுக்குக் கீழே புண் வரும். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறலாம். மூத்திரத்தில் தொற்று வரும். ஒவ்வொரு முறை டயப்பர் மாற்றும்போதும் உடைந்த எலும்பு உரசும். அந்த வலிக்குப் பயந்தே சாப்பாட்டைக் குறைத்துவிடுவார்கள். ஆணி எதற்கு என்று என்னைக் கேட்டால், மறுநாள் காலையில் ஆளைத் தூக்கி உட்காரவைக்க என்பேன். எலும்பு சேர்வதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஆகவே நேரம் முக்கியம். சேர்த்த அன்றோ மறுநாளோ முடித்துவிட வேண்டும் என்பது பிரிட்டனின் வழிகாட்டுதல். நம் வீடுகளில் குடும்பம் கூடி முடிவெடுக்கவே நாலு நாள் போகிறது. துபாய் மாப்பிள்ளைக்குப் போன், அஷ்டமி நவமி, அப்புறம் இன்னொரு டாக்டர். சர்க்கரை ஏறியிருந்தால் இன்சுலின் போட்டு இறக்கிக்கொண்டே ஏற்பாடுகளைச் செய்யலாம். அது அழகாக 120-க்கு வரட்டும் என்று ஒரு வாரம் படுக்கவைப்பதுதான் தப்பு.

ஆபரேஷன் செய்தால் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். இடுப்பு முறிந்த முதியவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் இறக்கிறார்கள் என்பது பல நாடுகளில் பார்த்த கணக்கு. படுக்கையில் விட்டால் அது இன்னும் ஏறும். ஏற்கெனவே கடைசி நாட்களில் இருப்பவர், மயக்கமே தாங்காதவர் என்றால் நானே வேண்டாம் என்பேன். வெறும் வயதை வைத்துச் சொன்னதில்லை.

புளியந்தோப்பு: மாமியாருக்குப் புத்தூர் கட்டு போடலாமா? என் பையனுக்கு மணிக்கட்டு அதில்தான் சரியானது.

மணிக்கட்டு வேறு, இடுப்பு வேறு. கட்டு என்றால் உடைந்த இடத்துக்கு மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இடுப்பில் மேலே எதைப் பிடிப்பது? எங்கள் மாவுக்கட்டாலேயே ஆகாத காரியம், மூங்கில் பத்தையாலும் முட்டை வெள்ளைக்கருவாலும் ஆகாது. கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிய வாக்கிலேயே சேர்ந்துவிடும். அப்படி வருகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். திட்ட மனம் வருவதில்லை. பெரும்பாலும் கத்திக்குப் பயந்து போனவர்கள்தான்.

ராயபுரம்: இடுப்பு உடைந்த அம்மா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டுமா?

மாத்திரையைப் பொறுத்தது. ஆஸ்பிரினுக்குக் காத்திருக்க வேண்டாம். க்ளோபிடோக்ரலுக்கும் பொதுவாக வேண்டாம். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போடுவதற்குப் பதில் முழு மயக்கம் கொடுக்கலாம். வார்ஃபரின் என்றால் ரத்தப் பரிசோதனை பார்த்து வைட்டமின் கே கொடுத்து முறிப்போம். புது வகை மாத்திரைகளுக்கு ஒன்றிரண்டு நாள் இடைவெளி தேவைப்படலாம். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். "வெள்ளையா சின்னதா ஒரு மாத்திரை" என்றால் எந்த மயக்க டாக்டருக்கும் உதவாது.

பெரம்பூர்: ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆணியை எப்படி இறக்குகிறார்கள்? பிளேட்டை விட இது உசத்தியா?

உங்களுக்குச் சொல்வது சுலபம் ஐயா. தனி மேசையில் காலை இழுத்து, திருப்பி, எலும்பை நேர்க்கோட்டுக்குக் கொண்டுவருவோம். ஆபரேஷன் மேசையிலேயே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் நேர்ப்பார்வையும் பக்கப்பார்வையும் சரியாக வந்த பிறகுதான் கத்தி. இதுதான் பாதி வேலை. இங்கே கோணல் என்றால் ஆணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கோணல்தான். முண்டின் நுனிக்கு மேலே இரண்டு அங்குலம் கிழித்து, மெல்லிய கம்பி விட்டு வழி பார்த்து, துளையைப் பெரிதாக்கி, சுமார் பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆணியை எலும்பின் நடு ஓட்டைக்குள் இறக்குவோம். ஆணியின் குறுக்கே சாய்வாக ஒரு பெரிய ஸ்க்ரூ பந்துக்குள் போகும். சில வகைகளில் இரண்டு ஸ்க்ரூ, சிலவற்றில் சுருள் தகடு. கீழே ஒன்றோ இரண்டோ ஸ்க்ரூ போட்டுப் பூட்டிவிடுவோம்.

அந்தப் பெரிய ஸ்க்ரூதான் விஷயமே. அதன் முனை பந்தின் நடுவில், உச்சிக்கு அருகில் இருக்க வேண்டும். இரண்டு எக்ஸ்ரேயிலும் முனைக்கும் உச்சிக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். கூடினால் பஞ்சு எலும்பைக் கிழித்துக்கொண்டு ஸ்க்ரூ வெளியே வரும் வாய்ப்பும் கூடும்.

பிளேட் எலும்புக்கு வெளியே நிற்கிறது, ஆணி பாரம் இறங்கும் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆகவே நொறுங்கிய முறிவில், முண்டுக்குக் கீழே இறங்கிய முறிவில் ஆணிதான். இரண்டு துண்டாக நேராக உடைந்த முறிவுக்கு ஸ்க்ரூவும் பிளேட்டும் அதே பலன் தரும், செலவும் குறைவு. ஸ்டீலா டைட்டானியமா என்று ரொம்ப அலட்டிக்கொள்ளாதீர்கள், சரியான இடத்தில் போடுவதுதான் பெரிது. எலும்புக்குள் ஆணி இறக்கும் இந்த முறையை 1939-ல் கெர்ஹார்ட் குன்ட்ஷர் தொடங்கிவைத்தார், ஜெர்மனியின் கீல் நகரத்தில். அதுவும் நம் ராயபுரம் மாதிரி ஒரு துறைமுக ஊர்தான்.

பழைய வண்ணாரப்பேட்டை: செலவுக்கு என்ன செய்வது?

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே போங்கள். தனியாரில் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை முதல் நாளே காட்டுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு அது.

திருவொற்றியூர்: ஆபரேஷன் ஆன ராத்திரியிலிருந்து அப்பா செத்துப்போன சித்தப்பாவைக் கூப்பிடுகிறார், ஊசிக் குழாயைப் பிடுங்குகிறார். பைத்தியம் பிடித்துவிட்டதா?

இல்லை. வயதானவர்களுக்கு இந்த முறிவோடு வரும் தற்காலிகக் குழப்பம் இது. பெரும்பாலும் நாட்களில் தெளியும், சிலருக்கு வாரங்கள் ஆகலாம். நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். வலி, உப்புச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, தொற்று என்று ஏதோ ஒரு காரணம் ஒளிந்திருக்கும். கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிடுங்கள். பகலில் ஜன்னல் பக்கம் உட்காரவையுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும். கையைக் கட்டிலில் கட்ட விடாதீர்கள், குழப்பம் இன்னும் முற்றும்.

தண்டையார்பேட்டை, வாரியக் குடியிருப்பு: வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவை எப்படிக் கொண்டுபோவது?

மறுநாள் உட்கார்ந்து, வாக்கர் பிடித்து நான்கு எட்டு வைக்க வேண்டும். ஆணி சரியாக உட்கார்ந்திருந்தால் காலில் பாரம் போடலாம். உங்கள் டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அனுப்பும்முன் பிசியோதெரபிஸ்ட் ஆஸ்பத்திரிப் படியிலேயே ஏறி இறங்கப் பழக்கட்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆணி போட்ட கால் முதலில். நல்லது மேலே, நொந்தது கீழே என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள். முதல் நாள் நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கிப்போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. வாரிய வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் வராமலா போவார்கள்? அப்புறம், மேலேயே இருந்தாலும் நாளுக்கு நாலு முறை நடக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். கமோடு நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள்.

மணலி: ஆணி போட்ட பிறகு அம்மா இரண்டு மாதம் நன்றாக நடந்தார். பத்து நாளாகத் தொடை இடுக்கில் வலி, கால் குட்டையானது போல இருக்கிறது.

தைலம் தடவிக்கொண்டிருக்காதீர்கள். இந்த வாரமே எக்ஸ்ரே. ஸ்க்ரூ நகர்ந்திருக்கலாம்.

எண்ணூர்: பின்னால் ஆணியை எடுக்க வேண்டுமா? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

தொந்தரவு இல்லாவிட்டால் ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கட்டும். எம்.ஆர்.ஐ. பொதுவாக எடுக்கலாம், எடுப்பவரிடம் ஆணி இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாதவரம்: நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு இப்படி உடையுமா?

நல்ல எலும்பு உடையாது. எலும்பு அரித்துப்போயிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆணி போட்டு அனுப்பிவிட்டு அந்த அரிப்பைக் கவனிக்காமல் விடுகிறோம், எங்கள் தொழிலில் எனக்கு உள்ள பெரிய மனக்குறை அதுதான். அடுத்து மறு இடுப்பு உடையும். கால்சியமும் வைட்டமின் டி-யும் மட்டும் போதாது. சிறுநீரகம் சரியாக இருந்தால், ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு சோலெட்ரானிக் அமில ஊசி, 5 மில்லிகிராம், வருடத்துக்கு ஒரு முறை. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

காசிமேடு: ஆயாவுக்கு 71. ஆணி போட்டு ஐந்து மாதம், எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்துவிட்டது. மறுபடி தரையில் உட்கார்ந்து மீன் ஆயணும் என்கிறது. விடலாமா?

விடலாம். பந்து மாற்றியவர்களிடம் குத்துக்கால் வேண்டாம் என்று கெஞ்சுவேன். ஆயாவுக்கு இருப்பது சொந்த மூட்டு, முறிவும் சேர்ந்துவிட்டது. எடுத்த எடுப்பில் தரை வேண்டாம். முதலில் உயரமான முக்காலி, இரண்டு வாரம் கழித்துத் தாழ்ந்த பலகை. எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு கனமான பெட்டி இருக்கட்டும். ஐஸ் தண்ணீர் காலடியில் தேங்காமல் ஒரு சாக்கைப் போட்டு வையுங்கள்.