விரலா, தாடையா? சாக்ஸபோன் கமகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சாக்ஸபோன் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கமகத்தைப் பற்றியே, அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் வாசிப்பதைப் பற்றியே, கேட்டிருந்தன. அவற்றில் ஏழு கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டோம். பதில்கள் எல்லாம் ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கானவை.

எட்டு ஆண்டுகளாகப் பேண்டு செட்டில் வாசிக்கிறேன். இப்போது கர்நாடக சங்கீதம் கற்கிறேன். நான் கமகம் கொடுத்தால், "நடுங்குகிறது, அசையவில்லை" என்கிறார் ஆசிரியர். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?
— வாசகர், கும்பகோணம்

ஆசிரியர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். பேண்டில் நீண்ட ஸ்வரம் வந்தால் தாடையை மெல்ல ஆட்டி அழகு சேர்ப்பது வழக்கம். வைப்ரட்டோ எனப்படும் அந்த அசைவு ஒரே ஸ்வரத்தைச் சுற்றி நொடிக்கு ஐந்தாறு தடவை ஓடும். தாளத்தோடு அதற்கு உறவு கிடையாது. ஸ்வரத்தை அசைக்கும் கமகமான கம்பிதத்துக்கோ இரண்டு கரைகள் உண்டு. சங்கராபரணத்து மத்தியமம் காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையே அசைகிறது. மாயாமாளவகௌளை ரிஷபம் ஷட்ஜத்தைத் தொட்டுத் தொட்டு எழுகிறது. எங்கே புறப்பட்டு எங்கே போகிறோம், ஓர் அட்சரத்துக்கு எத்தனை அசைவு என்பது வாசிப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அது தெரியவேண்டுமானால் முதலில் பாட வேண்டும். குரல் நன்றாக இருக்கிறதா என்பது இங்கே பொருட்டே இல்லை. சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத் (1949–2019) சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார் என்பதை நினைத்துப் பாருங்கள். கோபாலகிருஷ்ணன் பாடகர், மிருதங்க வித்வான். சாக்ஸபோன் வாசிப்பவர் அல்லர். இந்த வாத்தியத்தில் எந்தச் சாவியை அழுத்துவது என்பதை வாத்தியமே சொல்லிக் கொடுத்துவிடும். ஸ்வரம் எப்படி அசைய வேண்டும் என்பது பாட்டிலிருந்துதான் வர வேண்டும்.

ஒரு மாதத்துக்குத் தாடையை முழுக்க நிறுத்திவையுங்கள். மெட்ரோனோமை 60-ல் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு அசைவு வீதம் விரலால் மட்டுமே கம்பிதம் வாசியுங்கள். கைபேசியில் பதிவு செய்து பாதி வேகத்தில் போட்டுக் கேளுங்கள். மேல்கரையும் கீழ்கரையும் தனித்தனி ஸ்வரமாகக் காதில் விழுந்தால் அது கமகம். ஒரே ஸ்வரம் அலைபாய்வது போலக் கேட்டால் பழைய வைப்ரட்டோ இன்னும் போகவில்லை.

ஆல்ட்டோவில் ஷட்ஜத்தை எந்த விரலில் வைத்துக்கொள்வது? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
— வாசகர், சேலம்

கமகம் வருமா வராதா என்பதில் பாதி இந்தக் கேள்வியிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

இடது கை மூன்று விரலும் மூடிய ஸ்வரத்தை (சாக்ஸபோன்காரர்கள் 'ஜி' என்பது) ஷட்ஜமாக வைத்தால் சுருதி ஆறரைக் கட்டை (கட்டை என்பது ஷட்ஜத்தின் உயரத்தைச் சொல்லும் அளவு). ஆள்காட்டி, நடுவிரல் இரண்டும் மூடிய 'ஏ' ஒரு கட்டை. ஆள்காட்டி விரல் மட்டும் மூடிய 'பி' இரண்டு கட்டை. நடுவிரல் மட்டும் மூடிய 'சி' இரண்டரைக் கட்டை.

சாக்ஸபோனில் ஒரு பள்ளம் உண்டு. எந்த விரலும் மூடாத 'சி ஷார்ப்'பிலிருந்து அடுத்த 'டி'க்குப் போக ஆறு விரலும் மூடி, கட்டைவிரலால் ஆக்டேவ் சாவியையும் (ஒரு ஸ்தாயி மேலேற்றும் சாவி) அழுத்த வேண்டும். ஓர் அரை ஸ்வரம் ஏற ஏழு விரல் வேலை. நாதமும் மெலிந்த ஒலியிலிருந்து தடித்த ஒலிக்குத் தாவும். ஆகவே, உங்கள் ஷட்ஜத்தை எங்கே வைத்தால் இந்தப் பள்ளம் எந்த ஸ்வரத்தில் விழும் என்று பாருங்கள். இரண்டரைக் கட்டையில் சுத்த ரிஷபத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் நடுவே விழும். சங்கராபரணத்தில் 'ஸ ரி' என்ற முதல் அடியிலேயே தடுக்கும். ஒரு கட்டையில் அந்தர காந்தாரத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் நடுவே விழும்; நிறைய ராகங்களில் உயிர் இருப்பதே அந்த இடத்தில்தான். ஆறரைக் கட்டையில் மத்தியமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே. பஞ்சமம் பெரும்பாலும் அசையாமல் நிற்கும் ஸ்வரம் என்பதால் இந்த இழப்பு தாங்கக்கூடியது.

வீச்சையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆறரையில் மந்திர (கீழ் ஸ்தாயி) காந்தாரம் முதல் தார (மேல் ஸ்தாயி) நிஷாதம் வரை வழக்கமான சாவிகளிலேயே கிடைக்கும். இரண்டரையில் கீழே மந்திர ஷட்ஜத்துக்கும் ஒருபடி கீழே போகலாம். ஆனால் தார பஞ்சமம் எட்டாது. தனிக் கச்சேரிக்கு எங்கள் பரிந்துரை ஆறரைக் கட்டை. பாடகருடன் வாசிப்பதென்றால் அவருடைய சுருதிதான் சட்டம்.

பள்ளத்தைத் தாண்ட ஒரு குறுக்குவழி இருக்கிறது. 'சி' விரலிலேயே இருந்துகொண்டு, இடது உள்ளங்கைப் பக்கம் இருக்கும் மூன்று சாவிகளில் 'டி' சாவியை மட்டும், ஆக்டேவ் இல்லாமல், தொட்டால் 'டி' ஒலிக்கும். ஆறரைக் கட்டையில் இது பஞ்சமம். மத்தியமத்தை அசைக்கும்போது பஞ்சமத்தைத் தொட்டுவிட்டு வர இது போதும். பஞ்சமத்தில் நிற்க இதைப் பயன்படுத்தாதீர்கள். சற்றே ஏறிய சுருதியில், ஒல்லியாக ஒலித்துக் காட்டிக்கொடுத்துவிடும். நிற்கும் பஞ்சமம் ஆறு விரலில்தான்.

தோடி காந்தாரம் சாக்ஸபோனில் வரவே வராது என்கிறார் நண்பர். உண்மையா?
— வாசகர், யாழ்ப்பாணம்

வரும். நாதஸ்வரத்தில் துளையைப் பாதி மூடி விரலால் நெளிக்க முடிகிறது. இங்கே துளைக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாவி நிற்கிறது. நண்பர் அந்தத் தடையைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் தோடி காந்தாரம் தனித்து நிற்கும் ஸ்வரமே அல்ல. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே நிகழ்வது. அந்த இரண்டு கரைகளைச் சரியாகப் பிடித்தால் காந்தாரம் தானே காதில் வந்து உட்காரும்.

ஆறரைக் கட்டையில் சுத்த ரிஷபம் என்பது இடது கை மூன்று விரலும் சுண்டுவிரல் 'ஜி ஷார்ப்' சாவியும். சுத்த மத்தியமம் நடுவிரல் மட்டும். சுண்டுவிரலை அழுத்தியபடியே விட்டுவிடுங்கள். மத்தியமத்தை அது கெடுக்காது. நடுவிரலும் அசையவேண்டாம். ஆக, கம்பிதத்துக்கு மேலும் கீழும் போகவேண்டியவை இரண்டே விரல்கள்: ஆள்காட்டியும் மோதிரவிரலும், சேர்ந்து.

இந்தச் 'சேர்ந்து' என்பதில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். மோதிரவிரல் ஒரு நொடிப் பிசகில் முந்திக்கொண்டால் சதுச்ருதி ரிஷபம் எட்டிப்பார்க்கும். தோடி அங்கேயே கலைந்துவிடும். மோதிரவிரல் இயல்பிலேயே ஆள்காட்டியோடு ஒத்துப்போகாத விரல். ஊதாமல், சாவிச் சத்தத்தை மட்டும் கேட்டுப் பழகுங்கள். 'டக்' என்று ஒரே சத்தம் வர வேண்டும், 'டடக்' என்று வரக்கூடாது. அது சரியான பிறகு 60 வேகத்தில், ஒரே மூச்சில், நாக்கைப் பயன்படுத்தாமல் ரி–ம–ரி–ம. அடுத்த கட்டமாக மத்தியமத்தில் தங்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், தொட்டதும் திரும்பும் அளவுக்கு. கடைசியாக, மேலே போகும் கணத்தில் மட்டும் தாடையை ஒரு இம்மி தளர்த்துங்கள். மத்தியமத்தின் முனை மழுங்கி, படிக்கட்டு மாதிரி ஏறிய ஒலி வளைவாக மாறும். தாடைக்கு இங்கே இவ்வளவுதான் வேலை.

இந்தச் சுருதியில் ஒரு தொல்லையையும் சொல்லியாக வேண்டும். 'ஜி ஷார்ப்' பேட் (துளையை மூடும் மெத்தை) அடிக்கடி ஒட்டிக்கொள்ளும். சாவியை அழுத்தியும் ரிஷபம் வராமல் ஷட்ஜமே ஒலித்தால் பழி உங்கள் விரலுக்கு அல்ல. பேடுக்கும் துளைக்கும் நடுவே மெல்லிய தாளை வைத்து மூடி, சில நொடி விட்டு எடுங்கள்; ஈரத்தை அது உறிஞ்சிவிடும். பவுடர் போடவேண்டாம்.

ஜாரு (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்குவது) வாசிக்கும்போது நடுவில் 'கீச்' என்று கத்துகிறது. ரீடை மாற்றியும் போகவில்லை.
— வாசகர், திருநெல்வேலி

ரீடில் (ஊதும்போது அதிரும் நாணல் தகட்டில்) குற்றம் இல்லை. சாவி பாதி திறந்திருக்கும் நிலையில் குழலுக்குள் அடிப்படை ஸ்வரம் பலவீனமாகிவிடும். அந்த நேரம் பார்த்துப் பயத்தில் தாடையைக் கடித்தால், மேலே உள்ள ஏதாவதொரு ஒலி மேலெழுந்துவிடும். அதுதான் கீச்சு. செய்ய வேண்டியது நேர்மாறானது: சறுக்கும் இடத்தில் காற்றைக் கொஞ்சம் கூட்டுங்கள், கீழ்த்தாடையை விடுங்கள், தொண்டையை 'ஓ' என்று சொல்வதுபோல் வையுங்கள்.

இன்னொரு நுட்பம். சாவி திறக்கும்போது சுருதி சீராக ஏறுவதில்லை. பேட் துளையை விட்டு விலகும் முதல் மில்லிமீட்டரிலேயே பெரும்பகுதி ஏறிவிடுகிறது. ஆகவே விரலை மெதுவாகத் தூக்க வேண்டியது அந்தத் தொடக்கத்தில்தான். அதற்குப் பிறகு எவ்வளவு வேகமாக எடுத்தாலும் காதுக்குத் தெரியாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விரலை நேராக மேலே தூக்காமல், முத்துப் பொத்தானின் ஓரத்துக்கு உருட்டியபடி விடுவித்தால் அந்த மில்லிமீட்டர் கைவசமாகும். ஷட்ஜத்திலிருந்து சதுச்ருதி ரிஷபத்துக்கு (மோதிரவிரல் மட்டும்) தினமும் 20 தடவை போதும்.

இறங்கு ஜாருவில் தாடை அதிகம் உதவும். இந்த வாத்தியத்தில் தாடையால் சுருதியை நன்றாக இறக்கலாம். ஏற்ற முடிவது மிகக் கொஞ்சம். மேல் ஸ்தாயியில் வளைவு தாராளம். கீழே வர வர அது சுருங்கி, மந்திரத்தில் ஏறக்குறைய இல்லை. அதனால் தார ஸ்தாயி சறுக்கல்களைத் தாடையிடமும் மந்திர ஸ்தாயி சறுக்கல்களை விரலிடமும் ஒப்படையுங்கள்.

தாடைக்கு வலிமை வர, மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊதுங்கள். ஆல்ட்டோ மவுத்பீஸ் தனியாக ஏறக்குறைய 880 ஹெர்ட்ஸ், அதாவது ஆறு கட்டையின் ஷட்ஜத்தில் ஒலிக்கும். ட்யூனரைப் பார்த்துக்கொண்டே அங்கிருந்து ஒவ்வொரு அரை ஸ்வரமாக இறங்கி, உடையாமல் திரும்பி ஏறுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிறகு வாத்தியத்தில் மேல் 'சி'யைப் பிடித்து, விரலை மாற்றாமல் 'பி' வரை இறக்குங்கள். உடனே 'பி'யை அதன் உண்மையான விரலில் ஊதிச் சரிபாருங்கள். இந்தச் சரிபார்ப்பு இல்லாமல் செய்யும் பயிற்சி காதைக் கெடுக்கும்.

கமகத்துக்கு எந்த எண் ரீட் நல்லது?
— வாசகர், மதுரை

பெரும்பாலானவர்களுக்கு இரண்டரை. எண் கூடக் கூட ரீட் கடினமாகும். மூன்றுக்கு மேல் போனால் வளைக்கத் தாடை வலிக்கும். ஒன்றரைக்கு இறங்கினால் வளைவது சுகமாக இருக்கும். ஆனால் தார ஷட்ஜம் சுருதியில் நிற்காமல் தொங்கும். மூன்று நான்கு ரீடுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒரே ரீடில் பழகியவருக்கு அது தேய்ந்த நாளன்று கமகமும் போய்விடும்.

ஜண்டை வரிசையில் (ஸ்வரங்கள் இரட்டை இரட்டையாக வரும் பயிற்சி) ஸ்புரிதம் வாசித்தால் 'து–து' என்று வெட்டுகிறது.
— வாசகி, கோயம்புத்தூர்

இரண்டாவது ஸ்வரத்தை நாக்கால் அடிக்கிறீர்கள். பேண்டில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நாக்கு. இங்கே ஒரு சொற்கட்டின் தொடக்கத்துக்கு மட்டுமே. 'ஸ ஸ' என்பதில் இரண்டாவது ஷட்ஜம் கீழே நிஷாதத்தைத் தட்டிவிட்டு எழவேண்டும், அந்தத் தட்டு விரலுடையது. ஆறரைக் கட்டையில் ஷட்ஜத்தைப் பிடித்தபடி வலது கை நடுவிரலை ஒரு தட்டுத் தட்டி எடுத்தால் காகலி நிஷாதம் மின்னி மறையும். ஒரு கட்டையில் வாசிப்பவர்கள் 'ரி ரி'க்குப் பக்கவாட்டுச் சாவியைப் பயன்படுத்தலாம்: 'ஏ' விரலை எடுக்காமல், வலது கைப் பக்கம் உள்ள சாவிகளில் அடியில் இருப்பதைத் திறந்தால் சுத்த ரிஷபம், விட்டால் ஷட்ஜம்.

தட்டும்போது மூச்சையும் சேர்த்துத் தள்ளாதீர்கள். அழுத்தம் அந்த இரண்டாவது ஸ்வரத்தின் மேல் விழவேண்டும், தட்டின் மேல் அல்ல. முதல் காலத்தில் இது தெளிவாகும்வரை இரண்டாம் காலத்துக்குப் போகவேண்டாம்.

வீட்டில் சுருதி சேர்கிறது. கோயில் கச்சேரியில் தொடக்கத்தில் கீழே நிற்கிறது, கடித்துக் கடித்து ஏற்ற வேண்டியிருக்கிறது. அன்றைக்கு கமகமே வருவதில்லை.
— வாசகர், தஞ்சாவூர்

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். சுருதியை ஏற்றவே தாடை முழுவதும் செலவானால் கமகத்துக்கு என்ன மிஞ்சும்? குழலுக்குள் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் சுருதி ஏறக்குறைய மூன்று சென்ட் இறங்கும். அரை ஸ்வரம் என்பது 100 சென்ட். மார்கழி விடியலில் பத்து டிகிரி குறைந்தாலே அரை ஸ்வரத்தில் கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கு போய்விடும். மேடைக்கு வருமுன் எல்லாத் துளைகளையும் மூடி, சத்தமில்லாமல் வெதுவெதுப்பான காற்றை ஐந்து நிமிடம் ஊதுங்கள். பிறகும் குறைந்தால் மவுத்பீஸைக் கார்க்கில் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள், ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர். தாடை தளர்ந்த நிலையில் மத்திய ஷட்ஜம் சுருதிப் பெட்டியோடு சேரும்வரை இதைச் செய்யுங்கள். அடுத்து தார ஷட்ஜத்தையும் பாருங்கள். அதிகமாகத் தள்ளிவிட்டால் அது மட்டும் மேலே ஏறி நிற்கும். இரண்டும் ஒன்றாகச் சேரும் இடத்தில் கார்க்கின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுவையுங்கள். குளிர் நாளுக்கு ஒன்று, வெயில் நாளுக்கு ஒன்று.