ஹாட் டாக் உறையின் பின்பக்கம்

சிகாகோ வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, மூத்தவள் கிண்டர்கார்டன் போகிறாள், அவளோடு படிக்கும் பையனுக்குச் சனிக்கிழமை பிறந்தநாள், அழைப்பில் ஹாட் டாக் (பன்னுக்குள் வைத்துத் தருகிற, அரைத்த கறியில் செய்த சாசேஜ்) என்று போட்டிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். “அதில் என்னதான் இருக்கிறது அக்கா? எங்கள் வீட்டில் கோழி, ஆடு, மீன் உண்டு, மாடும் பன்றியும் கிடையாது” என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால்: உறையைப் பார்க்கும்வரை அது மாடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் மீதியையும் படியுங்கள்.

நான் வந்த புதிதில் இதே கேள்வியைத் தப்பான ஆளிடம் கேட்டேன். ஜூலை மாதம், ஆபீஸ் பிக்னிக். கிரில்லுக்குப் பின்னால் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றவரிடம் “இதில் மாட்டுக்கறி இருக்கிறதா?” என்றேன். “இல்லையில்லை, இது ஹாட் டாக்” என்றார். மனிதர் பொய் சொல்லவில்லை. அவருக்கு மாடு என்றால் ஸ்டேக். ஹாட் டாக் என்பது தனி ஜாதி, அவ்வளவுதான். நான் நிம்மதியாக இரண்டு சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் குப்பையில் போடப் போனேன். மேலாகவே காலி உறை கிடந்தது. பெரிய எழுத்தில் ‘ஆல் பீஃப்’.

உங்கள் ஊரில் இது இன்னும் அதிகம். 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில், ஆஸ்திரியா-ஹங்கேரியிலிருந்து குடியேறிய இரண்டு பேர் மாட்டுக்கறி சாசேஜ் விற்றார்கள். அதிலிருந்து வந்ததுதான் ‘வியன்னா பீஃப்’ கம்பெனி. கசகசா தூவிய பன், மஞ்சள் கடுகு, கண்ணைப் பறிக்கும் பச்சை ரெலிஷ், வெங்காயம், தக்காளி, வெள்ளரி ஊறுகாய், சின்ன மிளகாய், செலரி உப்பு என்று அடுக்கித் தருகிற சிகாகோ ஹாட் டாக்கில் நடுவில் இருப்பது மாடுதான். அதனால் தெருக்கடையில் கேட்கவே வேண்டாம். (கெட்சப்பும் கேட்க வேண்டாம். ஹாட் டாக்கில் அதைப் போட்டால் உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்காது. அது வேறு சண்டை.)

சூப்பர் மார்க்கெட்டில் விற்பதுதான் குழப்பம். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் குழப்பம் பாதி போய்விடும். பெரிய துண்டுகளை வெட்டி எடுத்தபின் மிஞ்சும் கறியையும் கொழுப்பையும் அரைத்து, உப்பு, மசாலா, சோடியம் நைட்ரைட் சேர்த்து, ஐஸ் போட்டு மறுபடி நைசாக அரைக்கிறார்கள். மாவு அரைக்கும்போது சூடேறக் கூடாதென்று மிக்சியில் ஐஸ் தண்ணீர் விடுவோமே, கிட்டத்தட்ட அதே காரணம்தான். சூடேறினால் கொழுப்பு உருகித் தனியாகப் பிரிந்துவிடும். அந்தக் கறி மாவை நீளமான செல்லுலோஸ் குழாயில் நிரப்பி, முறுக்கி, புகையூட்டி, வேகவைத்து, குளிர்ந்த தண்ணீரில் ஆற்றி, மேல்தோலை மெஷினில் உரித்துவிடுகிறார்கள். ‘ஸ்கின்லெஸ்’ என்று போட்டிருந்தால் இதுதான் அர்த்தம்.

அந்தக் கறி மாவில் எதைப் போடலாம் என்பதற்கு இங்கே விவசாயத் துறையின் சட்டம் இருக்கிறது. கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கொழுப்பும் சேர்த்த தண்ணீரும் கூட்டினால் 40-ஐத் தாண்டக் கூடாது. பால் பவுடர், தானிய மாவு மாதிரியான சேர்மானங்களுக்கு 3.5 சதவீதம்தான். ஈரல், இதயம், நாக்கு என்று எதையாவது சேர்த்தால் முன்பக்கத்துப் பெயரிலேயே ‘வித் வெரைட்டி மீட்ஸ்’ அல்லது ‘வித் பைப்ராடக்ட்ஸ்’ என்று போட்டு, பின்பக்கம் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். இங்கே ஆபீஸில் “அதில் என்னென்னவோ கண்டதையும் போடுவார்கள்” என்று முகம் சுளிப்பவர்களை நிறையப் பார்ப்பீர்கள். ஈரல் வறுவலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட நமக்கு அதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. அதோடு, அந்த வாசகம் போட்ட பாக்கெட்டைக் கடையில் தேடினால்கூட எளிதில் கிடைக்காது.

நமக்கு முக்கியம் பெயர். ‘ஃபிராங்க்ஸ்’, ‘வீனர்ஸ்’ எல்லாம் ஹாட் டாக்குக்கே வேறு பெயர்கள். ‘பீஃப் ஃபிராங்க்ஸ்’ என்றால் மாடு மட்டும். ‘டர்க்கி ஃபிராங்க்ஸ்’ என்றால் வான்கோழி. வெறுமனே ‘ஃபிராங்க்ஸ்’, ‘வீனர்ஸ்’, ‘ஹாட் டாக்ஸ்’ என்று போட்டுக் கீழே சின்ன எழுத்தில் ‘மேட் வித் சிக்கன், போர்க்’ என்று இருந்தால் கலவை. விலை மலிவான பாக்கெட்டுகள் பெரும்பாலும் இந்த வகை. பின்பக்கப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். முதல் பெயர் கோழியாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டுவிடாதீர்கள். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பன்றியோ மாடோ உட்கார்ந்திருக்கும். கடைசிவரை படியுங்கள்.

அந்த முதல் பெயர் பல சமயம் ‘மெக்கானிக்கலி செப்பரேட்டட் சிக்கன்’ என்று இருக்கும். கறி எடுத்தபின் எலும்பில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை, எலும்போடு சல்லடையில் வைத்து அதிக அழுத்தத்தில் தள்ளினால் எலும்பு இந்தப் பக்கம் நின்றுவிடும், கறி கூழாக அந்தப் பக்கம் வரும். கேட்க நன்றாக இல்லை, ஆனால் விஷம் ஒன்றுமில்லை. மாட்டுக்கு மட்டும் இந்த முறையை 2004-ல் தடை செய்தார்கள், பைத்தியமாட்டு நோய்ப் பயத்தால்.

இப்போது நான் ஏமாந்த இடம். மேல்தோல். உரிக்காமல் விற்கிற வகைகளில் அது ஆட்டுக்குடலாக இருக்கலாம், பன்றிக்குடலாக இருக்கலாம், மாட்டுத்தோலிலிருந்து எடுத்த கொலாஜனாகவும் இருக்கலாம். உள்ளே இருக்கும் கறி ஒன்று, குடல் வேறு மிருகம் என்றால் அதை உறையில் சொல்லியாக வேண்டும். சொல்லித்தான் இருந்தார்கள். நான்தான் இரண்டு வருஷம் முன்பக்கத்து ‘சிக்கன்’ என்ற எழுத்தை மட்டும் பார்த்து ஒரு சாசேஜ் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாமியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாவகாசமாக எழுத்துக்கூட்டி, பட்டியலின் கடைசி வரியைப் படித்தார்: “போர்க் கேசிங். போர்க்குன்னா என்னம்மா?”

யூதர்களின் கோஷர், முஸ்லிம்களின் ஹலால் முத்திரை இருந்தால் நமக்கும் சரி என்று சிலர் சொல்வார்கள். பன்றி இருக்காது என்பது உண்மை. ஆனால் அந்த அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் மாடுதான்.

உடம்புக்கு நல்லதா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அடிக்கடி கொடுக்கிற பண்டமில்லை. ஒரு ஹாட் டாக்கின் எடை 45 முதல் 57 கிராம். பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் சொன்னது. தினமும் என்பதைக் கவனியுங்கள், பிறந்தநாளுக்கு ஒன்று அந்தக் கணக்கில் வராது. இளஞ்சிவப்பு நிறம் நைட்ரைட்டால் வருகிறது. உணவை விஷமாக்கும் போட்யூலிசம் கிருமி வளராமல் தடுப்பதும் அதுதான். ‘அன்க்யூர்டு’, அதாவது நைட்ரைட் போட்டுப் பதப்படுத்தாதது, என்று கூடுதல் விலைக்கு விற்பதிலும் செலரிப் பொடி வழியாக அதே நைட்ரைட் போகிறது. அந்தக் காசு எனக்கு வீணாகத்தான் தெரிகிறது.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. சின்னவனுக்கு இரண்டரை வயது என்றீர்கள் இல்லையா? கோழி ஹாட் டாக்காகவே இருந்தாலும் வட்டவட்டமாக வெட்டிக் கொடுக்காதீர்கள். குழந்தையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைக்கிற அளவு அது. நீளவாக்கில் நான்காகப் பிளந்து, பிறகு பொடியாக நறுக்குங்கள். நான்கு வயதுவரை இந்த ஜாக்கிரதை வேண்டும். பெரியவர்களுக்கும் ஒன்று: ஏற்கெனவே வெந்ததுதான் என்றாலும், கர்ப்பமாக இருப்பவர்கள் ஆவி பறக்கச் சூடு பண்ணித்தான் சாப்பிட வேண்டும், லிஸ்டீரியா கிருமி இருக்கலாம்.

சனிக்கிழமைக்கு வருவோம். முன்கூட்டியே பிறந்தநாள் பையனின் அம்மாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பி, “எங்கள் பிள்ளைகள் பீஃபும் போர்க்கும் சாப்பிடுவதில்லை, நாங்கள் டர்க்கி ஹாட் டாக் ஒரு பாக்கெட் கொண்டுவரலாமா?” என்று கேளுங்கள். இங்கே இப்படிக் கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நமக்குத்தான் கூச்சம். கிரில்லில் ஒரு ஓரமாக அலுமினியத் தாள் விரித்து அதில் வாட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் பக்கத்திலிருக்கும் மாட்டுக் கொழுப்பு இதிலும் ஒட்டும். மெசேஜ் அனுப்ப மறந்துவிட்டால், “உறையைப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டாயிற்று என்று சொன்னால் எந்தத் தொட்டி என்று கேளுங்கள். நான் இப்போதெல்லாம் அதைத்தான் செய்கிறேன்.