சூப்பர் ஹீரோ அப்பா, பருவ வயதில் இரண்டு மகன்கள்: கதையை எங்கே பிடிப்பது?

கேள்வி: 20 பக்கக் காமிக்ஸ் ஒன்று எழுதுகிறேன். நாயகன் நாற்பதைத் தாண்டிய சூப்பர் ஹீரோ. 14, 16 வயதில் இரண்டு மகன்கள். வீட்டையும் வெளி ஆபத்துகளையும் அவன் சேர்த்துச் சமாளிப்பதைக் காட்ட வேண்டும். ஆனால் எப்படி எழுதினாலும் 'அப்பா மேட்ச் பார்க்க வரவில்லை' என்பதிலேயே வந்து நிற்கிறது. வேறு எப்படி எழுதலாம்?

பதில்:

அந்த மேட்ச் காட்சியை முதலில் தூக்கிவிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்பா வராதது பெரிய துக்கம். 14 வயதுக்காரனுக்கு அது பாதி நிம்மதி. நண்பர்கள் முன்னால் மானத்தை வாங்க ஆள் இல்லை. அந்த வயதில் உறுத்துவது வேறு: அப்பா சொன்ன காரணம் பொய் என்று தெரியும், தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளவும் முடியாது. நேரம் போதாமை வெறும் பின்னணி. கதை நடப்பது பொய்யில்.

அதனால் எழுத உட்காருமுன் ஒரு பொய்க் கணக்கு போடுங்கள். ஒரு தாளில் ஐந்து கட்டம்: எந்தப் பக்கம், என்ன பொய், சொன்னது யார், நம்பியது யார், விட்டுப்போன தடயம் என்ன. 20 பக்கத்துக்கு மூன்று பொய் போதும்; நான்காவது வந்தால் முதல் பொய் வாசகருக்கு மறந்துபோகும். ஐந்தாவது கட்டம்தான் முக்கியம், அதைத்தான் எல்லாரும் காலியாக விடுகிறார்கள். 'ஆபீஸில் சர்வர் படுத்துவிட்டது, போயாகணும்' என்று அப்பா கிளம்புகிறார். சின்னவன் நம்பிவிட்டான். பெரியவன் தண்ணீர் குடிக்க வருகிறான், வாசலில் அப்பாவின் ஷூ இரண்டும் அப்படியே கிடக்கின்றன. பறந்து போகிறவருக்கு ஷூ எதற்கு? வசனமே வேண்டாம், ஒரு படக் கட்டம் போதும்.

தடயங்களைத் தேடி வெகுதூரம் போகாதீர்கள். வாஷிங் மெஷின் வடிகட்டியில் உலோகத் துகள், மழையே இல்லாத இரவில் ஈரத் தலை, ஒரே மாதத்தில் மூன்றாவது கைக்கடிகாரம். முகமூடியை மேஜையில் மறந்து வைக்கிற காட்சி மட்டும் வேண்டாம். இருபது வருடம் ரகசியம் காத்தவர் அப்படி மாட்டமாட்டார், வாசகரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அடுத்து நேரம். இதில்தான் பெரும்பாலான கதைகள் சறுக்குகின்றன. இரவு 11 மணிக்கு 'பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்' என்று அப்பா ஜன்னல் வழியாகப் போகிறார். எந்த வீட்டில் 14 வயதுக்காரன் 11 மணிக்குத் தூங்குகிறான்? பருவ வயதில் உடலின் தூக்கக் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கம் வரவைக்கும் ஹார்மோனான மெலடோனின் சுரப்பது தாமதமாகிறது, தூக்கம் சீக்கிரம் வராது. தேவையோ 8 முதல் 10 மணி நேரம். ஆக, இரவு 11 மணி உங்கள் நாயகனுக்கு வீட்டிலேயே ஆபத்தான நேரம். சின்ன வயதில் எட்டு மணிக்கு உறங்கிய பிள்ளைகளை நம்பி ஓடிய ஏற்பாடு, அவர்களுக்கு 13 வயதானதும் தானாகவே குலைகிறது. வில்லனே வேண்டாம், வயது ஒன்றே போதும். மிச்சமிருக்கும் பாதுகாப்பான நேரம் அதிகாலை 3 முதல் 5 வரை. அப்படியானால் அப்பா அந்த நேரத்தில் மட்டும் பறந்து, பகலில் காரணமே தெரியாமல் தூங்கி வழிகிறவராக இருப்பார். பிள்ளைகள் கண்ணுக்கு அவர் ஹீரோ இல்லை, சோம்பேறி. இதை வைத்தே ஒரு பக்கம் எழுதலாம்.

இனி சக்திகள். சக்தி அப்பாவை வீட்டைவிட்டு வெளியே இழுப்பதை மட்டுமே காட்டினால் பாதிக் கதை வீண். சக்தி வீட்டுக்குள் நுழைவதைக் காட்டுங்கள். உதாரணத்துக்குக் கூர்காது. மகனின் இதயத் துடிப்பு கேட்கிறது என்றால், அவன் பொய் சொல்லும்போது படபடப்பதும் கேட்கும், கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுவதும் கேட்கும். தனி அறை வேண்டும் என்று சண்டை போடுகிற வயதில், அந்த வீட்டில் யாருக்கும் தனி அறை கிடையாது. நல்ல அப்பா ஒரு விதி வைத்துக்கொள்வார்: 'என்னைக் கூப்பிட்டால் மட்டும் கேட்பேன்.' விதி என்று ஒன்று வந்தால் அதற்கு விலையும் உண்டு. மானம் போய்விடும் என்று கூப்பிடாமலே மாட்டிக்கொண்ட மகனை என்ன செய்வது? உங்கள் நடுப்பகுதி இதுதான்.

பெரியவன் சோதித்துப் பார்க்கும் காட்சியையும் இதிலிருந்தே எடுக்கலாம். ஷூவைப் பார்த்த இரவு அவன் தலையணைக்குள் முகம் புதைத்து, யாருக்கும் கேட்காதபடி, 'நாளைக்கு கணக்குப் பரீட்சைக்குப் போகப்போறதில்ல' என்று முணுமுணுக்கிறான். மறுநாளுக்குப் பரீட்சையே இல்லை. தன் விதியை மீறிக் கேட்டுவிட்ட அப்பா காலையில், 'இன்னிக்கு கணக்குப் பரீட்சைதானே? நானே கொண்டுபோய் விடறேன்' என்கிறார். மகன் தட்டைப் பார்த்தபடி இருக்கிறான். மாட்டிக்கொண்டதே அப்பாவுக்குத் தெரியாது. ரகசியம் உடைகிற காட்சியை வெடிப்பும் தீயுமாக எழுதுவதைவிட இது கனமானது, வரைவதும் சுலபம்.

அந்த உடைப்பை முதல் கால் பகுதிக்குள் வையுங்கள். கடைசிவரை காத்தால் வாசகருக்குத் தெரிந்த ஒன்றை மகன்கள் தெரிந்துகொள்வதை 18 பக்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாகும். 2021ல் தொடங்கிய 'சூப்பர்மேன் அண்ட் லோயிஸ்' தொலைக்காட்சித் தொடர் முதல் எபிசோடிலேயே இரட்டை மகன்களிடம் ரகசியத்தைப் போட்டு உடைத்தது. பிறகுதான் உண்மையான தொல்லைகள் ஆரம்பமாயின. காமிக்ஸ் புத்தகங்களோ நெடுங்காலம் இந்த வயதையே தவிர்த்து வந்திருக்கின்றன. ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற சூப்பர் ஹீரோக் குழுவின் தம்பதிக்கு 1968ல் பிறந்த ஃபிராங்க்ளின் பல பத்தாண்டுகள் சிறுவனாகவே இருந்தான். சூப்பர்மேனின் மகன் ஜான் விண்வெளிக்குப் போய் ஒரே தாவில் 17 வயதுக்காரனாகத் திரும்பினான். 11 முதல் 16 வரை எழுதுவது அவ்வளவு சிரமம் போலும். உங்களுக்கு நல்ல இடம் காலியாகக் கிடக்கிறது.

கூர்காதுக்கு இன்னொரு பக்கம் உண்டு. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான். 10 கிலோமீட்டர் தள்ளியிருந்தால் மகனின் கூக்குரல் அப்பாவின் காதுக்கு வர 29 நொடி. 100 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம். காது எவ்வளவு கூர்மையானாலும் ஒலி வந்து சேர்ந்தால்தானே கேட்கும். அப்புறம் அவர் ஒலியின் வேகத்திலேயே பறந்து வந்தாலும் இன்னொரு ஐந்து நிமிடம். அந்த வேகத்தைத் தாண்டினால் அதிர்வொலியில் வழியெல்லாம் ஜன்னல் கண்ணாடி சிதறலாம். ஆகமொத்தம் பத்து நிமிடம். சாதாரண போன் ஒரு நொடிக்குள் சேதி சொல்லியிருக்கும். 'எனக்கெதுக்குப் போன், காது இருக்கு' என்று போனை வீட்டிலேயே விட்டுப் போகிற அப்பாவை எழுதிப் பாருங்கள். வில்லனுக்குப் புதிதாக ஒரு சக்தி கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

விழுகிற மகனைப் பிடிக்கும் காட்சி எப்படியும் வைப்பீர்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொட சுமார் இரண்டரை நொடி, அப்போது வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர். அப்பா தரையில் நின்று கையை நீட்டி அரை மீட்டருக்குள் நிறுத்தினால், பையன் உடல்மேல் ஈர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு. இரும்புக் கைகளும் கான்கிரீட் தரையும் ஒன்றுதான். 1973ல் ஸ்பைடர்மேன் கதையில் அவன் காதலி க்வென் ஸ்டேசி இறந்தது இப்படித்தான், விழுந்தவளை அவன் வலை சட்டென்று நிறுத்தியதில். அப்பா மேலேயே எட்டிப் பிடித்து, பையனோடு சேர்ந்து கீழ்நோக்கிப் பறந்தபடி, கடைசி 10 மீட்டரில் சிறுகச் சிறுக வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்போது அது 2 மடங்குக்கு வந்துவிடும். மூன்று கட்டங்களில் வரையலாம், நடுக் கட்டத்தில் இருவரும் சேர்ந்தே விழுகிறார்கள். பேசாத அப்பாவும் மகனும் பேசிக்கொள்ள அது நல்ல இடம், ஆளுக்கு ஒரு வார்த்தை மட்டும்.

இரண்டு மகன்களில் யாருக்குச் சக்தி வருகிறது? இரண்டு பேருக்கும் என்றால் கதை அப்பாவை விட்டுவிட்டுப் பயிற்சி முகாமாகிவிடும். பெரியவனுக்கு என்றால் சின்னவனுக்கு 'எனக்கும் வரும்' என்ற நம்பிக்கை மிச்சமிருக்கும். சின்னவனுக்கு மட்டும் வந்தால்தான் வீடு ஆட்டம் காணும். 16 வயதில் இனி வரப்போவதில்லை என்று பெரியவனுக்குப் புரிந்துவிடும், ரகசியத்தை முதலில் கண்டுபிடித்தவனும் அவனே. நான் எழுதினால் இதைத்தான் எடுப்பேன். மறைப்பதற்கும் வசதி: பையன்கள் விறுவிறுவென வளர்வது பெரும்பாலும் 13, 14 வயதில். உயரம் முதலில் கூடும், அதற்கேற்ற பலம் பின்னால் வரும். கை கால் எங்கே நீள்கிறது என்று அவர்களுக்கே பிடிபடாது. கதவுக் கைப்பிடி கையோடு வந்தால், 'வளர்ற பையன், எல்லாத்தையும் உடைக்கிறான்' என்று அம்மா அலுத்துக்கொள்வார். மூன்றாவது கைப்பிடி வரை அது எடுபடும்.

சக்தி இல்லாத மகனை வில்லனாக்குவதும், ஆறுதலுக்கு ஒரு இயந்திரக் கவசம் மாட்டிவிடுவதும் சலித்துப்போன வழிகள். அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். பொய்களைப் பிடித்தவன், பொய்களைத் திருத்தவும் அவனால் முடியும். அப்பா கிளம்பிய பிறகு அவரது ஷூவை எடுத்து உள்ளே ஒளித்துவைப்பவன் அவன்தான். அம்மாவுக்கும் இதே கணக்கு. அவருக்கு எல்லாம் தெரியும் என்று வைத்தால், அவர் ஒவ்வொரு முறையும் அப்பாவின் பொய்யைத் தன் வாயால் மறுபடி சொல்கிறார். பிள்ளைகளின் கோபம் முதலில் விழுவது அவர்மேல்தான். அந்தக் கோபத்துக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

பக்கக் கணக்கு தோராயமாக: 1 முதல் 5 வரை வீடு, ஷூ, தலையணை. 6 முதல் 9 வரை சின்னவனின் கைப்பிடிகளும் பெரியவனின் மௌனமும். 10 முதல் 15 வரை வெளியே நடக்கும் ஆபத்து, அதற்கு ஆறு பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். 16 முதல் 20 வரை மறுபடி வீடு. சண்டையைக் கடைசிப் பக்கம்வரை இழுத்தால், வீட்டுக்காகத் தொடங்கிய கேள்விக்குப் பதில் சொல்ல இடம் இருக்காது. அச்சுப் புத்தகம் என்றால் முதல் பக்கம் வலப்பக்கம் வரும், ஆகவே பக்கத்தைப் புரட்டியதும் கண்ணில் படுவது இரட்டைப்படைப் பக்கம். அதிர்ச்சிகளை 4, 10, 16 போன்ற பக்கங்களின் முதல் கட்டத்தில் வையுங்கள். எதிரே உள்ள ஒற்றைப்படைப் பக்கத்தில் வைத்தால் ஓரக்கண்ணிலேயே தெரிந்துவிடும்.

கடைசியாக வசனம். ஒரு வசனப் பலூனுக்கு 25 வார்த்தை என்பது ஆங்கிலக் காமிக்ஸில் புழங்கும் பழைய அளவு. தமிழில் அதை அப்படியே எடுத்தால் பலூன் படத்தை விழுங்கிவிடும். நம் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்கின்றன, மேல்சுழியும் கீழ்வாலும் வரிக்கு மேலும் கீழும் இடம் கேட்கின்றன. 12 வார்த்தைக்குள் நிறுத்துங்கள். 'நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதை என்னிடம் சொல்லியிருக்கலாமே அப்பா' என்று எழுதியிருந்தால், 'எங்க போறீங்கப்பா?' என்று வெட்டுங்கள். ஓவியரிடம் கொடுக்கும் முன் எழுத்துகளைப் பலூனில் போட்டு ஒரு பக்கத்தை போன் திரையில் திறந்து பாருங்கள். பெரிதாக்காமல் படிக்க முடியவில்லை என்றால் எழுத்தை மட்டும் பெரிதாக்கிப் பயனில்லை, வசனத்தில்தான் கை வைக்க வேண்டும்.