போர் நேரத்துல நெட்ல வர்ற செய்திய எவ்ளோ நம்பலாம்? உங்க அனுபவம் இன்னா?

நான் வியாசர்பாடி. 2009ல, இலங்கைல கடைசிப் போர் நடந்தப்ப, எங்க தெருமுனை பிரவுசிங் சென்டர்ல ஒரு மணி நேரம் 15 ரூபா, ஈழத்து சைட்டு சிலது பாமினி எழுத்துருல இருக்கும், அந்த ஃபாண்டு சிஸ்டத்துல இல்லேன்னா பக்கம் பூரா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா குப்பையா தெரியும், அதுக்குன்னே பென்டிரைவ்ல ஃபாண்ட எடுத்துனு போவேன். சண்ட நடந்த வன்னிக்குள்ள வெளி நிருபர் யாரையும் இலங்கை அரசு விடல, அதனால வந்ததுல முக்காவாசி ஒண்ணு ராணுவம் சொல்றது இல்ல புலிங்க பக்கம் சொல்றது. ஜனவரி 29 முத்துக்குமார், போர நிறுத்தச் சொல்லி, நம்ம சென்னை சாஸ்திரி பவன்ல தீக்குளிச்சி செத்துப்போனாரு, கொளத்தூர்லேருந்து மூலக்கொத்தளம் வரைக்கும் ஊர்வலம், அவரோட கடிதத்த நெட்லேருந்து எடுத்து ஜெராக்ஸ் போட்டு பஸ்ஸ்டாண்டுல குடுத்தேன். அது சரியானதுதான், நெஜமாவே அவர் எழுதுனது.

மே மாசம்தான் மாட்டுனேன். பிரபாகரன் செத்துட்டாருன்னு இலங்கை அறிவிச்சதும், புலிங்க சார்பா செல்வராசா பத்மநாதன் அவர் உயிரோடதான் இருக்காருன்னாரு. கூடவே, தன்னோட சாவு நியூஸ டிவில பிரபாகரனே பாக்குற மாதிரி ஒரு படம் சுத்துச்சி. ஒட்டு வேலைதான், ஆனா அப்ப எனக்கு அது கண்ணுலயே படல. கெட்ட சேதின்னா நாலு எடத்துல தேடிப் பாப்போம், நாம வேண்டிக்கினு இருந்த சேதி வந்தா எவன் தேடுவான்? அந்தப் படத்த காப்பி எடுத்து, மைதா பசை காய்ச்சி செவுத்துல ஒட்டிட்டேன்.

எதுத்த வீட்ல பெயின்ட் அடிச்சினு இருந்த அண்ணன் புழல் அகதி கேம்ப்காரரு, ஈழத்துலேருந்து வந்தவரு. ஒரு காப்பி குடுத்தேன், ரொம்ப நேரம் பாத்துட்டு, "தம்பி, இது எந்த நாள் எடுத்த படமாம்?"னாரு. எனக்கு செம கோவம், "இன்னாண்ணா, சந்தோசப்படாம கேள்வி கேக்குற?" அவரு பதிலே பேசல, பேப்பர மடிச்சி சட்டப்பையில வெச்சிக்கினு மறுபடி பிரஷ்ஷ எடுத்துட்டாரு. மே 24 பிரபாகரன் இறந்துட்டாருன்னு பத்மநாதனே அறிக்கை விட்டாரு. அன்னிக்கி ராத்திரி தண்ணி ஊத்தி சுரண்டுனேன், பாதிதான் வந்துச்சி.

அப்புறம் 2025 மே, இந்தியா பாகிஸ்தான் சண்ட. நம்ம துறைமுகத்துல போர் ஒத்திகை நடந்த வாரம், ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல நம்ம ஆளுங்க பிளைட்ட சுட்டுத் தள்ளுறாங்கன்னு சித்தப்பா ஒரு வீடியோ போட்டாரு, பாத்தாலே தெரியுது வீடியோ கேம்னு. "எந்த நாள் எடுத்தது சித்தப்பா?"ன்னு கேட்டேன். "நீ எந்த நாட்டுக்காரன்டா?"ன்னு கேட்டுட்டு குரூப்லேருந்து தூக்கிட்டாரு. சித்திதான் மறுநாள் சேத்து வுட்டாங்க. வீடியோ இன்னும் அங்கயேதான் கீது.