38 பிள்ளைகள் படிக்கும் பள்ளியா, 130 பேர் படிக்கும் பள்ளியா?

கேள்வி: மகளை ஜூனில் 1ஆம் வகுப்பில் சேர்க்க வேண்டும். பக்கத்துத் தெருவில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 38 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒன்றியப் பள்ளியில் 130 பிள்ளைகள், 5 ஆசிரியர்கள். அதன் அருகிலேயே அரசு உதவி பெறும் பள்ளியும் இருக்கிறது. எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: 38ஐ இரண்டால் வகுத்தால் ஓர் ஆசிரியருக்கு 19 பிள்ளைகள். அடுத்த பள்ளியில் 26. இந்தக் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள். முதல் பள்ளியில் அந்த இருவர்தான் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும், அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் குறுவள மையக் கூட்டத்துக்கு (சுற்றுப்புறப் பள்ளி ஆசிரியர்கள் கூடுவது) போகும் நாளில் பள்ளி முழுவதும் இன்னொருவர் பொறுப்பு. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 121 முதல் 200 வரை 5 பேர். ஆக இரண்டு பள்ளிகளும் விதிப்படியே நடக்கின்றன. ஆனால் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருப்பது இரண்டாவதில் மட்டும்தான்.

1 முதல் 3 வரை ஒரே அறையில் உட்கார வைப்பது அப்படியொன்றும் கெடுதல் இல்லை. அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமே பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பார்த்துப் பிரித்துத்தான் கற்பிக்கிறது. சிக்கல் 4, 5இல்தான் தெரியும். ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்ற வகுப்பு பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்.

அடுத்து, பள்ளிகளின் விவரங்களைத் தரும் மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் (UDISE+) தளத்தில் மூன்று பள்ளிகளின் அறிக்கையையும் எடுங்கள். பள்ளியின் 11 இலக்க எண் இருந்தால் போதும், தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அது 33இல் தொடங்கும். மொத்தச் சேர்க்கையைப் பார்ப்பதைவிட ஒரே அணியைத் தொடர்ந்து பாருங்கள்: 2022-23இல் 2ஆம் வகுப்பில் இருந்தவர்கள், 2024-25இல் 4ஆம் வகுப்பில் எத்தனை பேர்? 18 பேர் 9 ஆகியிருந்தால், ஏன் போனார்கள் என்று அந்தப் பெற்றோரிடமே கேளுங்கள். ஓர் எச்சரிக்கை: ஆசிரியர் இடமாறுதல் அறிக்கையில் உடனே ஏறாது. இப்போது யார் இருக்கிறார்கள் என்பதை நேரில்தான் உறுதி செய்ய வேண்டும்.

காலை உணவு நேரத்தில் போய், தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுச் சுற்றிப் பாருங்கள். கழிப்பறை திறந்திருக்கிறதா, உள்ளே குழாயில் தண்ணீர் வருகிறதா? கட்டடம் இருந்தும் தண்ணீர் இல்லையென்றால் பெண் குழந்தைகள் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு இருப்பார்கள், அதற்காகவே தண்ணீர் குடிக்கவும் மாட்டார்கள். பிறகு 3ஆம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேரின் பயிற்சி நூலைப் புரட்டுங்கள். எல்லா நூலிலும் ஒரே விடை, ஒரே பிழை என்றால் கரும்பலகையைப் பார்த்து எழுதியது. பிழைகள் ஆளுக்கொரு விதமாக இருந்து, சிவப்பு மையில் திருத்தமும் இருந்தால் அங்கே பாடம் நடக்கிறது.

உதவி பெறும் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவு சுயநிதியா, கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அங்கே சேர்த்தால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு போய்விடுமோ என்று இப்போதே கவலைப்பட வேண்டாம். அதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், தொடக்கப் பள்ளி கணக்கில் வராது.

நீங்கள் சொன்ன விவரப்படி 130 பேர் படிக்கும் பள்ளியையே தேர்ந்தெடுப்பேன். வழியில் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியிருந்து, கொண்டுபோய் விட ஆளும் இல்லையென்றால் மட்டும் 3ஆம் வகுப்பு வரை பக்கத்துப் பள்ளியில் படிக்க வைத்து, 4இல் மாற்றுங்கள்.