பைப்பாலூட்டியையும் பெரணியையும் எப்படி ஒப்பிடுவது?

குட்டி ஆஸ்திரேலிய விலங்கு ஒன்றையும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரப்பெரணி ஒன்றையும் 'ஆபத்தில் உள்ளவை' என்கிறார்களே, இரண்டுக்கும் என்ன பொருத்தம் என்பது கேள்வி.

வாழிடம் சுருங்கியோ எண்ணிக்கை குறைந்தோ அடியோடு அற்றுப்போகும் வாய்ப்பு கூடிவிட்டால், அது ஆபத்தில் உள்ள இனம். விலங்கா செடியா என்பது இரண்டாம்பட்சம்.

அந்த விலங்கு மலைக் குள்ளப் பாசம் (mountain pygmy possum). பைப்பாலூட்டி, அதாவது குட்டியை வயிற்றுப் பையில் வளர்ப்பது. எடை சுமார் 45 கிராம்தான். புதைபடிவமாக மட்டுமே தெரிந்திருந்த இது, 1966-இல் பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் உயிரோடு சிக்கியது! பாறை இடுக்குகளில், பனிப்போர்வைக்கு அடியில் மாதக்கணக்கில் தூங்கும். பனி குறைந்தால் குளிர் நேராகத் தாக்கும்.

மரம்போல் வளரும் அந்தப் பெரணியின் பெயர் சயாத்தியா கிரினிட்டா. தென்னிந்திய மலைகளிலும் இலங்கையிலும் உள்ளது. பாசத்துக்கு ஒரு ஈற்றில் நான்கு குட்டிகள் தேறினாலே அதிகம். பெரணியோ விதைக்குப் பதிலாக எக்கச்சக்கமாக வித்துத்தூள் உதிர்க்கும். ஆனாலும் சிக்கல்தான். தூளிலிருந்து முளைக்கும் சிறு தகட்டில் ஆண் அணு நீரில் நீந்திப் போய்த்தான் கரு உண்டாகும். ஈர நிழல் போனால் அத்தனை தூளும் வீண்.

கன்னியாகுமரி மாவட்டத்து மாறாமலையில் செழிக்கும் கிராம்புக் கன்றைக் கன்னியாகுமரி கடற்கரை மணலில் நட்டால் தேறுமா? அதே கதைதான்.

அப்புறம், கிணற்றுச் சுவரில்கூடப் பெரணி முளைக்கிறதே, அதெப்படி அரிது என்று பலர் கேட்பார்கள். அது வேறு இனம். அது பெருகுவதால் மரப்பெரணி பெருகாது.